இங்கேயே நில்லு

கப்பலில் போகலாம் என்று சொன்னது நான் இல்லை. இதை முதலிலேயே எழுத்துபூர்வமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கள் வீட்டில் வரலாறு திரிக்கப்படும் அபாயம் இருக்கிறது.

மூன்று வருஷமாகக் கட்டிவந்த சீட்டு 2024 மார்ச்சில் முடிந்தது. அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று வீட்டில் பொதுக்குழுவைக் கூட்டினோம். பி.காம். படித்தவன் என்ற ஹோதாவில் நான் ஃபிக்ஸட் டெபாசிட் என்றேன். மனைவி, பாத்ரூமுக்கு டைல்ஸ் என்றாள். ஏழு வயது மகள் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதில் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி ஒரு கப்பல். மொட்டைமாடியில் நீச்சல் குளம். குளத்துக்கு மேலே சறுக்குமரம். மூன்று வயதுப் பையன் எட்டிப் பார்த்து "பஸ்ஸு" என்றான். நகர்கிற எல்லாமே அவனுக்கு பஸ்தான்.

கடைசியாக அம்மா கேட்டாள். "இது எங்க போவுது தம்பி?"

"சிங்கப்பூர்ல ஏறணும்மா. பினாங்கு போயிட்டுத் திரும்ப சிங்கப்பூர். மூணு ராத்திரி."

"பினாங்கா?" என்றாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டைல்ஸ் அந்த இடத்திலேயே தோற்றுப்போனது.

சின்னப் பிள்ளைகளோடு கப்பலில் போக நினைப்பவர்களுக்கு, அடிபட்டுக் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி மலேசியாவுக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதாவது சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவதற்கான விசாவை வைத்துக்கொண்டு போனால் கப்பல் ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள். மலேசியா 2023 டிசம்பர் 1-ம் தேதியிலிருந்து இந்தியர்களுக்கு விசாவைத் தளர்த்தியிருந்ததால் அந்தச் செலவு எங்களுக்கு மிச்சம்.

இரண்டாவது, அறை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறைகளில்தான் ஆட்டம் குறைவு. ஊஞ்சல் பலகையின் முனையில் உட்கார்ந்தவனுக்கும் கயிற்றின் மேலே உட்கார்ந்த குருவிக்கும் உள்ள வித்தியாசம். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலையும் குறைவு. எங்களுக்கு அப்படி எதிரும் புதிருமாக இரண்டு அறை. ஒன்றில் அம்மாவும் மகளும். இன்னொன்றில் நாங்களும் பையனும். விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்று தெரியாத இருட்டு. பையன் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டதாகத் தீர்ப்புச் சொன்னான்.

மூன்றாவது முக்கியமானது. டயபர் கட்டுகிற குழந்தையை அநேகமாக எந்தக் கப்பலிலும் நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். தண்ணீருக்கென்றே விற்கிற டயபர் போட்டிருந்தாலும் அதே சட்டம்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பிலும், மூன்று வயது முடிந்து, பாத்ரூம் போகத் தானே சொல்லத் தெரிந்தால்தான் சேர்ப்பார்கள். எங்கள் பையன் வயதில் பாஸ். இரண்டாவது பாடத்தில் ஃபெயில். ஆக, எந்தக் குளத்தைக் காட்டிப் பணம் கட்ட வைத்தார்களோ, அந்தக் குளத்தின் கரையில் நானும் அவனும் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் குளிப்பதை வேடிக்கை பார்த்தோம். நல்லவேளையாக அவன் லிஃப்டைக் கண்டுபிடித்தான். மூன்று நாளும் லிஃப்டில் ஏறி இறங்கியதுதான் அவனுடைய சுற்றுலா. இதை எங்கள் தெருவில் புதிதாக வந்திருக்கும் ஃபிளாட்டிலேயே இலவசமாகச் செய்திருக்கலாம் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியதை மறைக்க விரும்பவில்லை.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. இவ்வளவு பெரிய கப்பலில் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்து இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? காமர்ஸ் பாஷையில் சொன்னால், கப்பல் கிளம்பிய நிமிஷத்தில் காலி அறையின் மதிப்பு பூஜ்யம். அழுகப்போகும் தக்காளி மாதிரி. அதனால் டிக்கெட்டைக் குறைத்து விற்று ஆளை ஏற்றிவிட்டு, உள்ளே வைத்து வசூலிக்கிறார்கள். இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு. குளிர்பானத்துக்குத் தனி. ஆளுக்கு இவ்வளவு என்று தினசரி டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறும். கரையிலிருந்து போதுமான தூரம் தாண்டியதும் சூதாட்ட அறையைத் திறந்துவிடுகிறார்கள். கையில் காசே இருக்காது. அறைச் சாவியாக ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதைத் தேய்த்தால் போதும். தேய்க்கும்போது வலிக்காது. கடைசி நாள் மொத்தமாக வலிக்கும். ஏறியதுமே செல்போனை விமானப் பயணத்தில் வைப்பதுபோல 'ஏரோபிளேன் மோடில்' போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலுக்கென்று தனி நெட்வொர்க் உண்டு. சும்மா கிடக்கும் போன் அதில் போய் ஒட்டிக்கொண்டால், ஊருக்கு வந்தபின் வருகிற பில்லைப் பார்த்து உங்களுக்குக் கடல் காய்ச்சல் வரும்.

இன்னொன்று, சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது கை கழுவச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அலட்சியம் செய்யாதீர்கள். கூட்டமாக வாழும் இடத்தில் வாந்திபேதி கிளப்பும் நோரோ வைரஸ் சீக்கிரம் பரவும். பையில் வைத்திருக்கும் சானிடைசர் ஜெல்லுக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் மருந்து.

ஏறிய அன்று மத்தியானம் பாதுகாப்பு ஒத்திகை. ஒவ்வொருவருக்கும் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் ஒன்று குறித்திருக்கிறார்கள். எங்களுக்கு ஐந்தாவது தளத்தில் பி-4. ஏழு தடவை குட்டியாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால் எல்லாரும் அங்கே போய்ச் சேர வேண்டும். பிள்ளைகளுடைய மணிக்கட்டில் அந்த எண் எழுதிய பட்டையையும் கட்டிவிட்டார்கள்.

இந்த ஒத்திகைக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 2012 ஜனவரி 13-ம் தேதி இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம்தான் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அதற்குப் பிறகு விதியை மாற்றி, கிளம்புவதற்கு முன்பே அல்லது கிளம்பிய உடனேயே நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள்.

இவ்வளவும் தெரிந்த பத்திரிகைக்காரனான நான் அந்த ஒத்திகையில் என்ன செய்தேன்? செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் முதல் பெஞ்சு மாணவி மாதிரி நின்று கேட்டாள். சிப்பந்திப் பெண் இங்கிலீஷில் சொன்னதை என் மனைவியை விட்டுத் தமிழில் சொல்லச் சொன்னாள். மிதவைச் சட்டையை மாட்டிப் பார்த்தாள். எல்லாரும் கலைந்த பிறகும் பேத்தியைப் பிடித்து அந்தப் பலகைக்குக் கீழே நிறுத்தி, ஏதோ பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"போதும்மா, வாங்க" என்றேன். "கப்பல் ஒண்ணும் கவுந்துராது."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்று ராத்திரி எட்டே முக்கால் இருக்கும். உள்ளே இருக்கும் பெரிய அரங்கில் மேஜிக் ஷோ முடிந்து கூட்டம் வெளியே வந்தது. பையன் தூக்கத்துக்கு அழுதான் என்று மனைவி முன்கூட்டியே அறைக்குப் போயிருந்தாள். அம்மாவும் முட்டிவலி என்று அவளோடு போய்விட்டாள். மகளின் கை என் கையில். அப்போது சட்டைப் பையில் போன் துடித்தது. கரை சிக்னல் கடைசியாக ஒரு கோடு மிச்சம் இருந்திருக்கிறது போலும். (ஏரோபிளேன் மோடு பற்றி உங்களுக்கு அறிவுரை சொன்னேன் அல்லவா? நான் போடவில்லை.) ஆபீஸிலிருந்து செய்தி. "இந்த வாரக் கட்டுரை எங்கே சார்?"

சிக்னல் போவதற்குள் பதில் தட்டிவிடலாம் என்று இரண்டு கையாலும் போனைப் பிடித்தேன். இரண்டு கை. கணக்குப் பார்த்தால் அரை நிமிஷம் இருக்கும்.

நிமிர்ந்தபோது மகள் இல்லை.

முதலில் பக்கத்தில்தான் நிற்பாள் என்று திரும்பினேன். அப்புறம் தூணுக்குப் பின்னால். அப்புறம் ஐஸ்க்ரீம் கவுன்ட்டர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. சுற்றிலும் பாட்டு, விளக்கு, சிரிக்கிற ஜனம். திருவிழாவில் தொலைந்தால் ஊருக்குள்தான் இருக்கும். ரயிலில் தொலைந்தால் அடுத்த ஸ்டேஷன் இருக்கிறது. இங்கே எந்தக் கதவைத் திறந்தாலும் நான்கு பக்கமும் கருப்பாகத் தண்ணீர். தளத்தின் ஓரமெல்லாம் உயரமான கைப்பிடித் தடுப்பு உண்டு, பிள்ளைகளால் தாண்ட முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. மத்தியானம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கடல் பார்த்தது மட்டும் ஞாபகம் வந்தது.

வரவேற்பு மேஜைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் பதற்றமே இல்லாமல் கேட்டாள். வயது? உயரம்? என்ன கலர் டிரெஸ்?

என்ன கலர் டிரெஸ்?

இருபது வருஷமாகப் பத்திரிகை உத்தியோகம். விபத்து நடந்த இடத்தில் செருப்பின் நிறத்தைக்கூடக் குறித்துக்கொண்டு வந்தவன். என் மகள் அன்று போட்டிருந்த கவுன் என்ன நிறம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். பார்க்கவில்லை.

"மணிக்கட்டுப் பட்டையில் என்ன எண்?" என்று அவளே அடுத்த கேள்விக்குப் போனாள். பி-4 என்றேன். அது மட்டும் தெரிந்தது. அவள் போனை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டே, அறைக்கும் போன் போட்டுச் சொல்லச் சொன்னாள். மனைவியிடம் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் குரல் வரவில்லை. அம்மாவின் குரல் வந்தது.

"நீ அங்கயே இரு. நான் போய்க் கூட்டியாரேன்."

"எங்கம்மா போய்..."

வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் எந்தெந்தத் தெய்வத்துக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத முடியாது. சிலது செலவு பிடிக்கும்.

படிக்கட்டில் அம்மா வந்தாள். லிஃப்டில் கூட்டம் என்று முட்டிவலியோடு நடந்தே இறங்கி, நடந்தே ஏறியிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள். மஞ்சள் கவுன். இனி ஆயுசுக்கும் மறக்காது.

அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. கோபமாக இருந்தாள். "அப்பாயி வர இவ்ளோ லேட்டு!" என்று என்னிடம் புகார் சொன்னாள்.

விஷயம் இதுதான். கூட்டம் தள்ளியதில் அவள் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். திரும்பினால் நான் இல்லை. மத்தியானம் அப்பாயி நடத்திய பாடம் ஞாபகம் வந்திருக்கிறது. 'எங்க தொலைஞ்சாலும் இந்த பலகைக்குக் கீழ வந்து நில்லு. தேடிக்கிட்டு அலையாதே. நான் வருவேன்.' கையிலிருந்த பட்டையை ஒரு சிப்பந்தியிடம் காட்டி வழி கேட்டு, ஐந்தாவது தளத்துக்குப் போய், ஆளில்லாத அந்தத் தாழ்வாரத்தில் பி-4 பலகைக்குக் கீழே நின்றிருக்கிறாள். அவள் அங்கேதான் நிற்பாள் என்று அந்தக் கப்பலிலேயே ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "எப்படிம்மா தோணிச்சு உங்களுக்கு?" என்றேன்.

"எங்கப்பா சொன்னது" என்றாள்.

தாத்தா பினாங்கில் ஒரு தமிழர் துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. 1947-ல் போனவர். சில வருஷங்களுக்கு ஒருமுறை லீவில் வருவார். 1958-ல் வந்துவிட்டுத் திரும்பும்போது அம்மாவுக்கு ஆறு வயது. கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு வழியனுப்ப எல்லாரும் மாட்டு வண்டியில் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ரஜூலா என்று ஒரு கப்பல். 1926-ல் கட்டியது. மதராஸிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பினாங்கு வழியாக சிங்கப்பூர் போகும். மலேயா போன நம் ஜனங்கள் பாதிப்பேருக்கு அதுதான் தேர். அறை எல்லாம் பணக்காரர்களுக்கு. மற்றவர்கள் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும்.

"நானும் வரேன்னு அழுதேன். படகு கிட்ட வர்றவரைக்கும் கையை விடல. அப்பா என்ன பண்ணுச்சு, ஒரு கம்பத்தைக் காட்டி, 'இங்கேயே நில்லு, நகரக் கூடாது. அடுத்த தடவை உன்னையும் கப்பல்ல கூட்டிக்கிட்டுப் போறேன்'னுச்சு. நின்னேன். படகு போயி, கப்பலும் போயிருச்சு. அப்பவும் நின்னேன். எங்கம்மா வந்து ரெண்டு அடி போட்டு இழுத்துக்கிட்டுப் போச்சு."

"அடுத்த தடவை?"

"1964-ல வந்துச்சு. பெரிய பொண்ணாயிட்ட, இப்ப எதுக்குன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. 69-ல தந்திதான் வந்துச்சு."

தாத்தா பினாங்கிலேயே இறந்தார் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கம்பம் எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயதுவரை நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ரஜூலாவும் 1974-ல் உடைபட்டுவிட்டது. பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தக் கடல் வழியையே ஊர் மறந்துபோனது.

மறுநாள் மத்தியானம் கப்பல் பினாங்கு போய்ச் சேர்ந்தது. ஸ்வெட்டன்ஹாம் துறை, ஊரையே ஒட்டி இருக்கிறது. வெளியே வந்தால் விக்டோரியா ராணிக்காகக் கட்டிய மணிக்கூண்டு. அவர் பட்டமேறி அறுபது வருஷம் ஆனதற்கு வருஷத்துக்கு ஒரு அடி என்று அறுபது அடி உயரம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. மார்க்கெட் ஸ்ட்ரீட்டை நம் ஆட்கள் அந்தக் காலத்திலேயே 'கடைத்தெரு' என்றுதான் சொல்வார்களாம். பூக்கட்டும் கடை, புடவைக் கடை, வடை வாசனை, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. பையன் அங்கே நிஜமாகவே ஒரு பஸ்ஸைப் பார்த்துக் குழம்பிப் போனான்.

தாத்தா வேலை பார்த்த கடை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவிடம் இருந்தது ஒரு பழைய கவரின் மேல் இருந்த கடைப்பெயர் மட்டும்தான். இரண்டு கடையில் விசாரித்தோம். "ரொம்பப் பழசும்மா" என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அம்மா தெரு முனையில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். "இவ்வளவு சின்னத் தெருதானா?" என்றாள். குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே தாத்தா பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்தாள். நட்சத்திரம் கேட்டார்கள். சொன்னாள்.

திரும்பும்போது ஒரு கடையில் கோடாலித் தைலம் ஆறு பாட்டில் வாங்கினாள். லீவில் வரும்போதெல்லாம் தாத்தா கொண்டுவருவது. சென்னையில் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள்.

கடைசி நாள் காலையில் பில் வந்தது. வழக்கம்போல் வரி வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் வருத்தம். இறங்குகிற வரிசையில் மகள் என் சட்டையை இழுத்தாள். மணிக்கட்டுப் பட்டையை இன்னும் அவள் கழற்றவில்லை.

"அப்பா, மறுபடியும் எப்ப வருவோம்?"

"அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் அம்மா, மடியில் தைலப் பாட்டில் பையோடு வீல்சேரில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ராத்திரி ஏறி இறங்கிய படிக்கட்டு தன் வேலையைக் காட்டியிருந்தது. அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

போனை எடுத்துக் காலண்டரைத் திறந்தேன். ஒரு கையால்தான். இன்னொரு கையில் மகளின் கை இருந்தது.

"ஜூன்ல புதுச் சீட்டு சேர்றேன். நாற்பது மாசம். 2027 செப்டம்பர்ல முடியுது. அந்தக் காலாண்டு லீவுல போறோம்" என்றேன்.

"ப்ராமிஸா?"

"எழுதியே தரேன்" என்றேன்.

எழுதிவிட்டேன்.